பக்கெட் நிரம்பும் சத்தம்

என் வீட்டுக்காரர் பாத்ரூமுக்குள் போனதும் முதல் வேலையாகக் குழாயைத் திறந்துவிடுவார். கீழே ஒரு பச்சை பக்கெட் இருக்கும். தண்ணீர் விழுகிற சத்தத்தில் வேறு சத்தம் வெளியே கேட்காது. கல்யாணமான புதிதில் நாங்கள் இருந்தது ஒற்றை அறை வாடகை வீடு. பாத்ரூமுக்கும் அடுப்புக்கும் நடுவில் ஒரு தகரக் கதவுதான். அந்தக் கூச்சத்தில் வந்த பழக்கம். பிறகு செங்கம் ரோட்டுப் பக்கம் சொந்தமாக வீடு கட்டி, கெட்டியான மரக்கதவு போட்ட பிறகும் அது போகவில்லை.

நான் அடுப்படியில் நின்றபடியே அந்தச் சத்தத்தைக் கேட்பேன். வெறும் பக்கெட்டில் தண்ணீர் விழுவது ஒரு மாதிரி கேட்கும், பாதி நிரம்பியதில் விழுவது வேறு மாதிரி. முதல் இருபது வருஷம் அவர் வெளியே வரும்போது பக்கெட்டில் கால்வாசிகூட இருக்காது. அவருக்கு ஐம்பத்தைந்து வயதானபோது பாதி இருந்தது. ஐம்பத்தெட்டில் முக்கால். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வருஷம் வழிய ஆரம்பித்தது.

உள்ளே அவருக்கு நேரம் கூடிக்கொண்டே போவது எனக்குத் தெரியும். ஆனால் ஒன்றும் கேட்கவில்லை. புருஷன் ஒன்றுக்குப் போவதைப் பற்றி எப்படிக் கேட்பது? ஒரே ஒருநாள், "தண்ணி வழியுதுங்க, குழாயக் கொஞ்சம் சின்னதா விடுங்க" என்று மட்டும் சொன்னேன். அன்றிலிருந்து சின்னதாகத் திறந்தார். பக்கெட் வழிவது நின்றது. எனக்கும் அதற்குப் பிறகு எதுவும் தெரியாமல் போனது.

அவர் பெயர் வேணு. கீழ்பென்னாத்தூருக்குப் பக்கத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டுப் பிழைக்கிற குடும்பத்தில் பிறந்தவர். நான்கு பேரில் அவர் ஒருத்தர்தான் நிலத்தை விட்டு வெளியே வந்தார். முப்பத்தோரு வருஷம் பஸ் கண்டக்டர். அதில் பெரும்பாலும் வேலூர் லைன். போளூர், கண்ணமங்கலம், வேலூர். இரண்டு மணி நேரத்துக்கு மேல், கூட்ட நாளில் மூன்று மணி நேரம், நின்றுகொண்டே போக வேண்டும். காலையில் நான் தண்ணீர் பாட்டில் கொடுத்து அனுப்புவேன். மாலையில் அது முக்கால்வாசி அப்படியே திரும்பி வரும். குடித்தால் இறங்க வேண்டும், இறங்க நேரம் கிடையாது. அடக்குவது அவருக்கு வேலையோடு வந்தது.

பௌர்ணமி என்றால் ஊருக்கே அண்ணாமலையார் கிரிவலம், எங்கள் வீட்டுக்கு மட்டும் டூட்டி. எங்கெங்கிருந்தோ ஸ்பெஷல் பஸ் விடுவார்கள். பௌர்ணமிக்கு லீவு கேட்கிற கண்டக்டரை டிப்போவில் ஒரு மாதிரி பார்ப்பார்கள். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் புருஷனும் பெண்டாட்டியுமாக வந்து எங்கள் தெரு முனையைத் தாண்டி நடந்து போவார்கள். நான் பக்கத்து வீட்டுப் பெண்களோடு போவேன். எத்தனையோ முறை சுற்றியிருக்கிறேன். அவரோடு ஒரு முறைகூட இல்லை.

"ரிட்டையர் ஆவட்டும் ஆதி, ஒவ்வொரு பௌர்ணமியும் உன்கூடத்தான்" என்று ஒருமுறை சொன்னார். என் பெயர் ஆதிலட்சுமி. அவர் அதைச் சட்டைப் பொத்தான் போட்டபடி, கதவைப் பார்த்துச் சொன்னார். நான் அதைப் பிடித்துக்கொண்டேன். பெரிதாக ஒன்றும் ஆசைப்படவில்லை. பேசிக்கொண்டு போக வேண்டும் என்றுகூட இல்லை. அவர் வேகத்துக்கு நானும், என் வேகத்துக்கு அவரும் கொஞ்சம் குறைத்துக்கொண்டு, பக்கத்தில் பக்கத்தில் நடக்க வேண்டும். அவ்வளவுதான்.

ஓய்வு பெற்ற பிறகு வந்த முதல் பௌர்ணமிக்கு, "காலு வலிக்குது" என்றார். அடுத்ததற்கு, "கூட்டம் ஜாஸ்தி, டி.வி.யில காட்டறான் பாரு" என்றார். மூன்றாவது பௌர்ணமிக்கு நான் தலைக்குக் குளித்து, பூ வைத்து, வாசலில் நின்றேன். "நீ போயிட்டு வா" என்றார். தெரு முனை வரை போனேன். ஒரு வயதான ஜோடி போனது. அந்த அம்மாவின் செருப்பை அவர் ஒரு மஞ்சள் பையில் போட்டுக் கையில் வைத்திருந்தார். பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.

அவர் என்னை வேண்டாம் என்கிறார் என்றுதான் ஒரு வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். பதினாலு கிலோமீட்டர் தூரத்தில் அரை மணிக்கு ஒருமுறை எங்கே ஒதுங்குவது என்ற பயம் அவருக்கு என்பது எனக்குத் தோன்றவில்லை.

மறுவருஷம் ஆடி மாதம். காலையில் குழாய்ச் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது. அரை மணி நேரம் கழித்து வெளியே வந்தார். முகம் வெளுத்திருந்தது. அடிவயிற்றைக் கையால் பிடித்திருந்தார்.

"வர மாட்டேங்குது ஆதி. ஒரு சொட்டு கூட வர மாட்டேங்குது."

அன்றைக்கும் பௌர்ணமி. ஆட்டோ எதுவும் உள்ளே வராது, தடுப்பு போட்டிருந்தார்கள். ஆஸ்பத்திரி இருந்தது பஸ் ஸ்டாண்டு பக்கம். கூட்டம் மலையை வலமாகச் சுற்றி எங்கள் பக்கம் வந்துகொண்டிருந்தது. நாங்கள் அதற்கு எதிரே நடந்தோம். அவர் குனிந்து குனிந்து நடந்தார். நான் அவர் முழங்கையைப் பிடித்திருந்தேன்.

"இன்னாம்மா எதிர்ல வர்றீங்க, ஓரமாப் போங்கம்மா" என்று ஒரு பெண் சத்தம் போட்டாள்.

முப்பத்து மூன்று வருஷத்தில் நாங்கள் இரண்டு பேரும் அந்தப் பாதையில் சேர்ந்து நடந்தது அன்றைக்குத்தான்.

ஆஸ்பத்திரியில் டியூப் போட்டு எடுத்தார்கள். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, வலியால் இல்லை, நிம்மதியால். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். பி.எஸ்.ஏ. என்று ஒன்று. நாலுக்குக் கீழே இருக்க வேண்டியது நாற்பத்தாறு இருந்தது. டியூப் போட்டதாலும் ஏறும், மூன்று வாரம் கழித்து மறுபடி பாருங்கள் என்றார்கள். பார்த்தோம். முப்பத்தொன்பது. வேலூருக்கு எழுதிக் கொடுத்தார்கள்.

வேலூரில் ஊசியால் சதைத் துணுக்கு எடுத்துச் சோதித்தார்கள். அதன் முடிவைச் சொன்ன டாக்டர் பொறுமையானவர். ஒரு வெள்ளைத் தாளில் படம் போட்டார்.

"இது மூத்திரப்பை. இதுக்குக் கீழ நெல்லிக்கா அளவுக்கு ஒரு சுரப்பி இருக்குது, ஆம்பளைங்களுக்கு மட்டும். புராஸ்டேட்னு பேரு. அதுக்கு நடுவுலதான் மூத்திரக் குழாய் போவுது. சுரப்பி பெருசாச்சுன்னா குழாய நெருக்கும். வயசானா நிறைய பேருக்குப் பெருசாவும், அதெல்லாம் கேன்சர் இல்ல. உங்களுக்குக் கேன்சரும் இருக்குது."

அவர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார். "நான் கண்டக்டருங்க. முப்பத்தோரு வருஷம் அடக்கி அடக்கி வெச்சேன். அதனாலயா சார்?"

"இல்ல. அடக்கறதால இது வராது. வயசு ஒரு காரணம். சில குடும்பத்துல வரும். உங்களுக்கு அண்ணன் தம்பி இருந்தா ரத்த டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க."

எலும்புக்குப் பரவியிருக்கிறதா என்று பார்க்க ஸ்கேன் எழுதினார். துணுக்கில் எட்டு என்று வந்திருக்கிறது, பத்து வரை போகும், கூடக் கூட வேகமான வகை, அதனால் தள்ளிப்போடக் கூடாது என்றார்.

வெளியே வந்து டீ குடிக்கும்போது என் வீட்டுக்காரர் சொன்னார். "பத்துக்கு எட்டு வாங்கியிருக்கேன் ஆதி. பள்ளிக்கூடத்துல கூட இப்படி வாங்கினதில்ல."

அது வேடிக்கைக்குச் சொன்னது என்று எனக்குத் தெரிந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. மீதி டீயைக் கீழே கொட்டிவிட்டேன்.

ஸ்கேனுக்குக் காத்திருந்த கூடத்தில்தான் சந்திரம்மாள் என்பவரைப் பார்த்தேன். கீழ்பென்னாத்தூர்க்காரர். கூடத்தில் ஆண்கள் எல்லோரும் சுவரில் இருந்த டி.வி.யைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் படம்கூட ஓடவில்லை, டோக்கன் நம்பர்தான் ஓடியது. சந்திரம்மாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, நல்ல உரத்த குரலில் கேட்டார்.

"உங்க ஆளுக்கு ஊசியா, ஆப்ரேசனா?"

அந்த வரிசையில் இருந்த ஆண்கள் அத்தனை பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"இன்னும் சொல்லலைங்க" என்றேன் மெதுவாக.

"எங்க ஆளுக்கு ரெண்டு வருஷம் ஆச்சு. மூணு மாசத்துக்கொரு தரம் ஊசிக்கு எவன் அலையறதுன்னு விதைய எடுத்துடச் சொல்லிட்டாரு. எடுத்துட்டாங்க. ஆம்பளைத் தண்ணி சுரக்கறதாலதான் அது வளருதாம். அத நிறுத்திட்டா இதுவும் அடங்குதாம். எடுத்ததுல ஒண்ணும் கொறஞ்சிடல. வாய் மட்டும் அப்படியே கீது, தெனம் என்ன வையாம சோறு எறங்காது" என்று எதிர் வரிசையைக் காட்டினார். அங்கே ஒருவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

பிறகு குரலைக் குறைத்து, "ஒண்ணு மட்டும் டாக்டருங்க வெவரமாச் சொல்ல மாட்டாங்க. அவங்களுக்கும் சூடு ஏறும். நமக்குத் தீட்டு நின்னப்ப ஏறிச்சே, அந்த மாதிரியே. பயந்துடாதீங்க" என்றார். மாத்திரைக் கவரின் பின்னால் தன் போன் நம்பரை எழுதிக் கொடுத்தார். நான் வாங்கிப் பையில் வைத்தேன். உறவுக்காரர் அல்லாத யாருக்கும் நான் போன் செய்ததில்லை.

எலும்பில் ஒன்றும் இல்லை என்று வந்தது. புரட்டாசியில் முதல் ஊசி போட்டார்கள். மூன்று மாதத்துக்கு ஒன்று, இரண்டு வருஷத்துக்கு. நடுவில் இருபத்தெட்டு நாள் மெஷினில் கதிர் வைக்க வேண்டும் என்றார்கள்.

ஊசி போட்ட மூன்றாவது வாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தட்டைத் தள்ளி வைத்தார். நெற்றியில் வேர்வை கொட்டியது. பனியனைக் கழற்றினார்.

"இன்னாது இது, உள்ள அடுப்பு வெச்சாப்ல எரியுதே!"

நான் துண்டை நனைத்துப் பிழிந்து அவர் பிடரியில் வைத்தேன். "ரெண்டு நிமிஷம்தாங்க. போயிடும்."

போய்விட்டது. அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "உனக்கெப்படித் தெரியும்?"

"எனக்கும் இருந்திச்சு."

"எப்போ?"

"எட்டு வருஷம் முன்னாடி."

"சொல்லவேயில்ல."

"நீங்க டூட்டில இருந்தீங்க."

அவர் தட்டை இழுத்துக்கொண்டார். ஆறிப்போன சோற்றைச் சாப்பிட்டு முடித்தார்.

ஆனால் அந்த வாரமே தன் பாயை எடுத்துக் கூடத்தில் போட்டுக்கொண்டார். "அடிக்கடி எழுந்திருக்கறேன், உனக்குத் தூக்கம் கெடுது" என்றார். ஊசி போட்டால் தாம்பத்திய ஆசை போய்விடும் என்று டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்துச் சொல்லியிருந்தார். அதனால் எனக்குப் புரிந்தது. அது ஒன்றும் எங்களுக்குள் பல வருஷமாகப் பெரிய விஷயம் இல்லை. ஆனால் தூக்கத்தில் அவர் திரும்பிப் படுக்கும்போது கை என் முதுகில் வந்து விழும். கனமான கை. அது விழுந்த பிறகுதான் எனக்கு நல்ல தூக்கம் வரும். அதைக் கேட்டு வாங்க எனக்கு வாய் இல்லை. பெங்களூரில் இருக்கிற மகள் அருணாதேவி போனில், "அம்மா, அப்பா எப்படி இருக்காரு?" என்று கேட்டால், "நல்லா இருக்காரும்மா" என்பேன்.

தீபம் முடிந்து மார்கழியில் கதிர் ஆரம்பித்தது. வாரத்துக்கு ஐந்து நாள் வேலூர் போய்வர வேண்டும். "நீ எதுக்கு? எனக்குத் தெரியாத ரோடா? வீட்ல இரு" என்று தனியாகப் போனார். அங்கே ஒரு வேடிக்கை. மெஷினில் படுப்பதற்கு முன் அரை லிட்டர் தண்ணீர் குடித்து முக்கால் மணி நேரம் அடக்கி வைத்திருக்க வேண்டும். பை நிறைந்திருந்தால்தான் குடல் விலகி நிற்கும், கதிர் வேண்டிய இடத்தில் மட்டும் படும். "இதுல நான் சாம்பியன் ஆதி" என்று முதல் வாரம் சிரித்தார்.

மூன்றாவது வாரம் சிரிப்பு நின்றது. எரிச்சல். வருகிறது என்று தெரிவதற்குள் வந்துவிடுகிறது. அவர் காலையில் தண்ணீரே குடிக்காமல் கிளம்ப ஆரம்பித்தார்.

பதினேழாவது நாள் வழக்கத்தைவிட நேரம் கழித்து வந்தார். நேராகப் பின்பக்கம் போனார். நான் போய்ப் பார்த்தபோது கொடியில் அவருடைய வேஷ்டி ஈரமாகத் தொங்கியது. அவரே துவைத்துப் போட்டிருந்தார். கல்யாணமானதிலிருந்து அவர் தன் துணியைத் துவைத்து நான் பார்த்ததில்லை. போளூருக்கு இந்தப் பக்கம் நடந்ததாம். பஸ் ஸ்டாண்டில் எல்லோரும் இறங்கும்வரை உட்கார்ந்தே இருந்தாராம். இதை அவர் அன்று சொல்லவில்லை, பிறகு சொன்னது. அன்று சொன்னது இதுதான்:

"போதும். பதினேழு நாள் வெச்சாச்சு. மீதிய அண்ணாமலையார் பாத்துக்குவாரு."

"இன்னும் பதினொண்ணு இருக்குதுங்க."

"எனக்கே கணக்கு சொல்லித் தர்றியா நீ?"

நான் எட்டாவதோடு நின்றவள். அவர் அப்படிக் கேட்டால் நான் அடுப்படிக்குப் போய்விடுவேன். மறுநாள் அவர் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது, எடுக்கவில்லை. அவர் கூடத்தில் பாயில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். வாசலில் நின்றால் எனக்கு மலை தெரியும். இந்தப் பதினொரு நாளை விட்டுவிட்டால் நான் அந்த மலையைத் தனியாகத்தான் சுற்றுவேன் என்று தோன்றியது.

மூன்றாம் நாள் மாத்திரைக் கவரை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனேன். போனில் மணி அடித்தபோது கட் பண்ணிவிடலாமா என்றிருந்தது.

"யாரு?" என்றார் சந்திரம்மாள்.

"வேலூர்ல பாத்தோமே... கண்டக்டர் வீட்டம்மா."

"ஏம்மா, இப்பத்தான் ஞாபகம் வந்திச்சா? சொல்லு, சொல்லு."

நான் சொல்லி முடிக்கும்முன்பே அவர் கேட்க ஆரம்பித்தார். "டாக்டராண்ட சொன்னீங்களா? சொல்லல. எரிச்சலுக்கு மாத்திர குடுப்பாங்களே. தண்ணி குடிக்கறாரா?"

"கம்மி பண்ணிட்டாருங்க."

"அதான் தப்பு. கம்மி பண்ணா மூத்திரம் கெட்டியாயி இன்னும் எரியும். டீய நிறுத்து, தண்ணிய நிறுத்தாத. எங்க ஆளும் இப்படித்தான் நடுவுல மொரண்டு புடிச்சாரு. கழுத்தப் புடிச்சுத் தள்ளிக்கினு போனேன்."

"பஸ்ல ஆயிடுச்சுங்க. அதான் அவருக்கு..."

"பஸ்ல ஆயிடுச்சா? ஏம்மா, நாம எப்படி பஸ்ல போனோம்? மாசாமாசம் மூணு நாளும் ஊட்லயே குந்தினு இருந்தோமா?"

போனை வைத்த பிறகும் நான் அங்கேயே நின்றேன். அந்தப் பேச்சு எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. கறை தெரியாத நிறத்தில் கட்டுவது, மடித்த துணி, பையில் இன்னொன்று, சீட்டின் ஓரத்தில் உட்காருவது, எழுந்ததும் திரும்பிப் பார்க்காத மாதிரி சீட்டைப் பார்ப்பது. பதிமூன்று வயதிலிருந்து செய்தது. எனக்குத் தெரியாத விஷயமா இது?

பழைய காட்டன் புடவை ஒன்றைக் கிழித்து நான்கு மடிப்பாக மடித்து, ஓரம் தைத்து, இடுப்பில் கட்ட நாடா வைத்தேன். ஆறு தைத்தேன். பீரோவிலிருந்து அவர் சபரிமலைக்கு மாலை போட்டபோது வாங்கிய கறுப்பு வேஷ்டியை எடுத்தேன். எல்லாவற்றையும் ஒயர் கூடையில் வைத்து அவர் பாயின் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தேன்.

"இன்னாது?"

சொன்னேன். முகத்தைப் பார்க்காமல், கூடையைப் பார்த்துச் சொன்னேன். எப்படிக் கட்டுவது, எப்போது மாற்றுவது, எழுந்தால் எப்படிச் சீட்டைப் பார்ப்பது, எல்லாம்.

அவர் எழுந்து உட்கார்ந்தார். "இதெல்லாம் யாரு உனக்குச் சொன்னது?"

"யாரும் சொல்லல. முப்பது வருஷத்துக்கு மேல நான் இப்படித்தான் பஸ் ஏறினேன்."

"என் பஸ்லயுமா?" என்றார்.

"உங்க பஸ்லயும்தான்."

அவர் அந்தத் துணி மடிப்பைக் கையில் எடுத்து, தையலை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு, "மாலை போடாம கறுப்பு கட்டறது பாவம்" என்றார்.

"மாலையும் எடுத்துத் தரட்டா?" என்றேன். எனக்கு எங்கிருந்து அந்த வாய் வந்தது என்று தெரியவில்லை. அவர் சிரித்துவிட்டார்.

மறுநாள் நானும் போனேன். பஸ்ஸில் ஒரு பையன் எழுந்து, "உக்காருங்க சாமி" என்று இடம் கொடுத்தான். ஆஸ்பத்திரியில் டாக்டர் விட்டுப்போன நாட்களுக்குக் கொஞ்சம் கோபித்துக்கொண்டார், மாத்திரை எழுதிக் கொடுத்தார், பதினெட்டாவது நாள் கதிர் வைத்தார்கள்.

திரும்பும்போது கண்ணமங்கலம் தாண்டி கொஞ்ச தூரம் வந்திருப்போம். அவர் கை முன் சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்தது. எனக்குத் தெரிந்துவிட்டது. துணி இருக்கிறது, ஆனால் அவர் கண்ணில் இருந்தது பயம்.

அந்த பஸ் கண்டக்டர் வல்லரசு, அவரோடு பல வருஷம் வேலை செய்தவர். ஏறும்போதே, "அண்ணே, சாமி ஆயிட்டீங்களா!" என்று கேட்டவர். என் வீட்டுக்காரர் அவரைக் கூப்பிடுவார் என்று பார்த்தேன். அவர் கூப்பிடவில்லை.

நான் எழுந்து நின்றேன். "வண்டிய நிறுத்துங்க" என்றேன். எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "வண்டிய நிறுத்துங்க!"

எல்லோரும் திரும்பினார்கள். வல்லரசு கூட்டத்தில் புகுந்து வந்தார். "இன்னாம்மா ஆச்சு?"

"அவருக்கு இறங்கணும். ஒண்ணுக்கு."

"போளூர் வந்துடும் அண்ணி, கொஞ்சம் பொறுத்துக்கச் சொல்லுங்க." பிறகு என் வீட்டுக்காரரைப் பார்த்துச் சிரித்தார். "நீங்கதானண்ணே எனக்குச் சொல்லிக் குடுத்தீங்க, ஒருத்தனுக்கு நிறுத்தினா ஊருக்கே நிறுத்தணும்னு?"

என் வீட்டுக்காரர் தலையைத் தூக்கினார். "தப்பாச் சொல்லிக் குடுத்துட்டேன்டா. விசில் குடு."

வல்லரசு ஒரு நொடி அவர் முகத்தைப் பார்த்தார். விசில் அடித்தார்.

ஒரு செங்கல் சூளைக்குப் பக்கத்தில் பஸ் நின்றது. அவர் இறங்கினார். அவருக்குப் பின்னால் மேலும் மூன்று ஆண்கள் மளமளவென்று இறங்கினார்கள். எல்லோரும் ஐம்பது தாண்டியவர்கள். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் தள்ளித் தள்ளி நின்றார்கள். ஜன்னலில் இருந்து எனக்கு அவர்களுடைய முதுகு மட்டும் தெரிந்தது.

ஏறி வந்தபோது அந்த மூவரில் ஒருவரோடு என் வீட்டுக்காரர் பேசிக்கொண்டே வந்தார். "எத்தனை மாசமா இப்படி? நின்னு நின்னு வருதா? டெஸ்ட் எடுத்தியா? கூச்சப்படாதய்யா, நான் கூச்சப்பட்டுத்தான் இங்க உக்காந்திருக்கேன். ரத்தம் ஒண்ணு குடுத்துப் பாரு, நூத்துல பாதிப் பேருக்கு வெறும் வீக்கம்தான், ஆனா பாத்துடு." நூற்றில் பாதி என்று டாக்டர் சொன்னதில்லை, அது அவருடைய கணக்கு. ஆனால் அந்த ஆள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். பிறகு ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னார்.

"ஒரு சித்ரா பௌர்ணமி. இதே ரோடு. பெரியவர் ஒருத்தரு வந்து, தம்பி கொஞ்சம் நிறுத்துப்பான்னாரு. கும்பலு, லேட்டு. அடக்க முடியாதா பெரியவரேன்னு எல்லாருக்கும் கேக்கறாப்ல கேட்டேன். பஸ்ல சிரிச்சாங்க. போளூர்ல எறங்கறப்போ துண்ட இடுப்புல கட்டிக்கினு எறங்கினாரு. என்னத் திரும்பிக் கூடப் பாக்கல." முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "அவருக்கும் இதுவாத்தான் இருந்திருக்கும். இல்ல ஆதி?"

கம்பியில் இருந்த அவர் கை மேல் என் கையை வைத்தேன். பஸ் நிறைய ஆள் இருந்தார்கள். அவர் கையை எடுத்துக்கொள்ளவில்லை.

மீதிப் பத்து நாளும் போனோம். அந்த லைன் கண்டக்டர்கள் எல்லோருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. செங்கல் சூளை வந்தால் அவர்களே விசில் அடிப்பார்கள்.

இது நடந்து ஒரு வருஷம் ஆகிறது. போன வாரம் பார்த்ததில் பி.எஸ்.ஏ. ஜீரோ பாயிண்ட் ஒன்று. ஆறு ஊசி முடிந்தது, இன்னும் இரண்டு இருக்கிறது. சூடு இன்னும் ஏறுகிறது. ஈரத் துண்டு எப்போதும் நாற்காலி முதுகில் தொங்குகிறது. அவர் அண்ணனுக்கு டெஸ்ட் எடுக்கவைத்தார், ஒன்றும் இல்லை. வாரத்தில் இரண்டு மூன்று பேர் அவருக்குப் போன் செய்கிறார்கள். டிப்போ ஆட்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள். பின்பக்கம் நடந்துகொண்டே, "முதல்ல தண்ணி குடி" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். குழாயைத் திறக்கிற பழக்கம் போகவில்லை, இப்போது மறுபடி முழுதாகத் திறக்கிறார். பக்கெட் அரைக்கும் கீழேதான் நிரம்புகிறது.

பாய் இன்னும் கூடத்தில்தான் இருக்கிறது. நடுவில் இருக்கிற கதவை இப்போது அவர் சாத்துவதில்லை.

பௌர்ணமிக் கூட்டத்தில் அவரால் முடியாது. அதனால் போன மாதம் ஒரு புதன்கிழமை காலையில் கிளம்பினோம். எங்கே எங்கே கழிப்பறை இருக்கிறது என்று எனக்குத் தெரியும், முன்பே தனியாகப் போய்ப் பார்த்து வைத்திருந்தேன். அடி அண்ணாமலை வரை போனோம். ஐந்து இடத்தில் நின்றோம். அதற்கு மேல் அவருக்குக் கால் ஓயவே, ஆட்டோவில் திரும்பி வந்துவிட்டோம். மீதிப் பாதி இன்னும் நடக்கவில்லை.